ஆட்டைத் திவசம் முடியுமுன் மகளுக்குக் கல்யாணமா?

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வசிக்கும் 61 வயதுத் தாய் ஒருவர், ஒன்பது தாள்களின் இரு புறமும் பேனாவால் எழுதி அனுப்பிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அவரையும் அவருடைய குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

இவருடைய கணவர் 1988 இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து இவரும் வந்து சேர்ந்தார். மகளுக்கு இப்போது 31 வயது, மகனுக்கு 27. சிறுநீரகங்கள் செயலிழந்ததால் கணவர் கடைசி ஒன்றரை ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம், டயலிசிஸ் செய்துகொண்டிருந்தார். செவ்வாயும் வியாழனும் மகன் கூட்டிச் சென்றார். சனிக்கிழமைகளில் இவர் விடியப்புறமே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். “கோயிலிலை பழக்கமான ஒரு தம்பி கூட்டிக்கொண்டு போறார், அவருக்கும் ஒரு பெட்டி கட்டி வையும்” என்று கணவர் சொல்ல, வெள்ளி இரவுகளில் இவர் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள் கட்டத் தொடங்கினார். ஒன்றில் கணவருக்கான பத்தியம்: மரக்கறியைச் சிறிதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, உப்பும் தேங்காய்ப்பாலும் குறைத்துச் சமைத்தது. மற்றதில் முகம் தெரியாத அந்தத் தம்பிக்காகக் கத்தரிக்காய்ப் பொரித்த கறியும் உறைப்பான சம்பலும். மாலையில் வீடு திரும்பும்போது இரண்டு பெட்டிகளும் கழுவித் துடைத்து மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பதினொரு மாதங்கள் இது நடந்தது.

கடந்த பெப்ரவரியில் கணவர் மாரடைப்பால் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நடந்தபோது, அந்தச் சனிக்கிழமைத் தம்பியையும் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று கேட்டவர் இவர்தான். வந்தவரைப் பார்த்தால் தமிழ் தெரியாத இளைஞர். பந்தியில் இவர் இரண்டாம் முறை சோறு போடப் போனபோது, அவர் இலைக்கு மேல் கையை விரித்துக் “காணும் அம்மா, காணும்” என்றார். கணவர் கை விரிக்கும் அதே விதம், அதே குரல் இழுப்பு. “எனக்கு உடம்பு விறைத்துப்போனது” என்று எழுதுகிறார். அன்றிரவு மகள் எல்லாவற்றையும் சொன்னார். அந்த இளைஞர் கயானாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், வயது 34, மின் இணைப்பு வேலை செய்பவர். மூன்று ஆண்டுகளாக இருவரும் விரும்புகிறார்கள். அப்பாவுக்கு இது ஓராண்டுக்கு மேலாகத் தெரியும். “அம்மாவுக்கு நான் பதமாச் சொல்லுறன், நீங்கள் ஒருத்தரும் சொல்ல வேண்டாம்” என்று அப்பா தடுத்து வைத்திருந்தார். சொல்லாமலே போய்விட்டார்.

அந்த இளைஞரின் பாட்டி கடும் நோயில் இருப்பதால், வரும் டிசம்பரில் பதிவுத் திருமணம் செய்ய மகள் விரும்புகிறார். ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசம் முடியாமல் வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்கிறார் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மைத்துனி. “அண்ணன் எங்கட ஆக்களுக்குள்ளைதான் செய்ய நினைச்சவர்” என்றும், வெளியாள் வருமுன் வீட்டை மகனின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் லண்டனிலிருந்து கணவரின் தம்பி வாரம் தவறாமல் அழைத்துச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்கவென்று எடுத்துவைத்த அஸ்தி அலுமாரியில் இருக்கிறது. மகளோடு எட்டு மாதமாகச் சரியான பேச்சில்லை. தகப்பன் செத்து ஆறாம் நாளே வேலைக்குப் போனவளுக்குப் பாசம் எங்கே என்று கேட்கிறார். கடைசியில், “என் மனுசன் என்னை நம்பவில்லை. நான் இதைத் தடுக்கலாமா, தடுக்க வேண்டுமா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து, நீங்கள் யார்மீது கோபப்படுகிறீர்கள் என்று ஓரங்களில் குறித்துக்கொண்டே போனேன். மகளைப் பற்றி எழுதிய இடங்களில் ஏறக்குறைய எல்லாமே, சற்று உற்றுப் பார்த்தால், உங்கள் கணவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். “ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் என்ன பிழை விட்டேன்? என் கையால் சமைத்ததை எனக்குத் தெரியாமல் யாருக்கோ கொடுத்தார்களே?” இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் பக்கத்தில் இருக்கும் மகள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தகப்பனின் கடனை மகள் கட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கோபம் பிழையானது என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனைவியிடம் இதை அவர் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளையும் வாய் திறக்கவிடாமல் வைத்தது அவர் செய்த தவறு. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள். அதனாலேயே அந்தக் கோபம் வேறு வாசலால் வெளியே வருகிறது. படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது, “இப்படி ஏன் செய்தீர்கள்” என்று அவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவர்மேல் கோபப்படுவதால் அவர்மேல் உள்ள அன்பு குறைந்துவிடாது.

ஆனால் “அவர் என்னை நம்பவில்லை” என்ற முடிவை நான் ஏற்கவில்லை. நம்பாதவர், மகளையே சொல்லும்படி விட்டிருப்பார்; இல்லையேல் கடைசிவரை மறைக்கும்படி சொல்லியிருப்பார். இவர் தானே சொல்வதாகப் பொறுப்பெடுத்தார். அதற்கு முன்பே, சனிக்கிழமைதோறும் அந்தப் பிள்ளைக்கு உங்கள் கைச் சமையல் போய்ச் சேர வழி செய்திருக்கிறார். உங்கள் சமையலை அவன் சாப்பிட வேண்டும், அவன் கழுவி வைத்த பெட்டியை நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், அது சொல்லத் தயங்கிய ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த முறையில் தொடங்கிய வேலை. இது என் ஊகம்தான். உறுதியாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

மகள் அழவில்லை என்பது

ஆறாம் நாள் வேலைக்குப் போனதைப் பாசக்குறைவின் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தில் சிலர் அழுவார்கள், சிலர் ஓடியோடி வேலை செய்வார்கள். 1999 இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள், துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு என்று விளக்கினார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்களின் வேலை இன்றும் அதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. நீங்கள் இழப்பின் பக்கம் நிற்கும் நேரத்தில் மகள் மறுபக்கம் நிற்கிறார். மரண அறிவித்தல் எழுதியது, மண்டபம் ஒழுங்கு செய்தது, நினைவு மலரான கல்வெட்டுப் புத்தகத்துக்கு அப்பாவின் படங்களைத் தேடியெடுத்து அச்சுக்குக் கொடுத்தது எல்லாம் மகள்தான் என்று நான்காம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்களைத் தெரிவுசெய்ய எத்தனை இரவு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. முப்பத்தோராம் நாள் இரவு உண்மையைச் சொன்னதிலிருந்து, அந்த வீட்டில் தகப்பனுக்காக அழும் உரிமையை மகள் இழந்துவிட்டார். அவர் அழுதால் அது குற்ற உணர்வாகத் தெரிகிறது, அழாவிட்டால் கல்நெஞ்சாகத் தெரிகிறது. அப்பாவின் இரகசியத்தைச் சுமந்த பிள்ளைக்கு, அந்த அப்பாவும் போனபின் பக்கத்துணை யாருமில்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டென்றும் நீங்கள் இரண்டாம் படியில் சிக்கிவிட்டதாகவும் யூடியூப்பில் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். 1969 இல் எலிசபெத் கியூப்ளர் ரோஸ் அந்த ஐந்தையும் விபரித்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பழகியதை வைத்துத்தான். பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் துக்கத்துக்கும் ஏணிப்படியாக்கிவிட்டார்கள். நீங்கள் எந்தப் படியிலும் சிக்கவில்லை. எட்டாம் மாதத்தில் கோபம் வருவது வழக்கத்துக்கு மாறானதல்ல.

கடைசி நாள் காலையில் அரை வாழைப்பழம் கொடுத்ததுதான் அவரைக் கொன்றது என்ற எண்ணத்தை நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம் சிறுநீரக நோயாளியின் உடலில் கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்பது உண்மை. பத்தியத்தில் அவ்வளவு கவனமாக இருந்த உங்களுக்கு அந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை. அதேவேளை, டயலிசிஸ் செய்பவர்களின் மரணத்துக்கு முதன்மையான காரணமாக இருப்பது இதய நோய். அது பல ஆண்டுகளாக உள்ளே வளர்வது. நான் மருத்துவர் இல்லை. அவரைப் பார்த்த சிறுநீரக வைத்தியரிடம் நேரம் எடுத்து, இதே கேள்வியை இதே சொற்களில் கேளுங்கள். பதிவேடுகளைப் பார்த்து அவர் சொல்லும் பதில், இரவு இரண்டு மணிக்கு நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பதிலைவிட நியாயமாக இருக்கும்.

ஓராண்டுக்குள் நல்ல காரியம்

தடுக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் எளிது. 18 வயது கடந்த இருவர் ஒன்ராறியோவில் திருமணம் செய்யப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. திருமண அனுமதிப் பத்திரம் எடுத்தால் 90 நாட்களுக்குள் ஒன்ராறியோவில் எங்கும் பதிவு செய்துகொள்ளலாம். மகள் விரும்பியிருந்தால் எப்போதோ செய்திருக்கலாம். எட்டு மாதமாகக் காத்திருக்கிறார் என்றால், அவர் கேட்பது அனுமதியைவிட உங்களுடைய வரவைத்தான்.

முறைப்படி செய்யலாமா என்பது வேறு கேள்வி. தந்தை இறந்த ஆண்டில் மங்கல காரியங்களைத் தவிர்ப்பது எங்கள் வழக்கம். அது வெறும் பழக்கமில்லை. துக்க வீட்டை அவசரப்படுத்தாதே என்று ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு. அதை நீங்கள் மதிப்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் வழக்கம் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வளைந்தே வந்திருக்கிறது. 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டபோது, தகப்பனுக்கு அந்தியேட்டி செய்ய வேண்டியவர்கள் வேறு கரைகளைத் தேடிப் போனார்கள். அவர்களுடைய கடன் கழியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே உங்கள் கணவரின் உடல் தகனத்துக்குள் போகும்வரை நீங்களும் மகளும் பக்கத்தில் நின்றீர்கள். அதை மைத்துனி உட்பட யாரும் குறை சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

இடைவழி ஒன்று உண்டு. டிசம்பரில் பத்துப் பேருக்குள் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, மணவறை, மேளம், தாலி எல்லாவற்றையும் திவசத்துக்குப் பின் வரும் முகூர்த்தத்துக்கு வைக்கலாம். திவசம் திதியைக் கொண்டு கணிக்கப்படுவதால் இறந்த திகதியோடு பொதுவாக ஒத்துப்போகாது. சரியான நாளை ஐயரிடம் கேளுங்கள். வித்தியாசம் மூன்று வாரம்வரை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பாட்டி பதிவைப் பார்ப்பார், உங்கள் வழக்கமும் நிற்கும். இதை நீங்களாகவே மகளிடம் சொன்னால் அது பேச்சுவார்த்தைபோல இராது, வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டதுபோல இருக்கும். டிசம்பரைத் தாங்கவே முடியாது என்று உங்கள் மனம் சொன்னால், அதையும் நேராகச் சொல்லுங்கள்: “எனக்கு இன்னும் மூன்று மாதம் வேணும்” என்று. “அப்பாவின் ஆத்மா சாந்தியடையாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பாவுக்கு விருப்பம் என்று அறிந்த மகளுக்கு அந்தச் சொல் பொய்யாகவே கேட்கும்.

ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், தாளைத் திருப்பி வைத்து, சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “தாலி கழற்றிய நான் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கலாமா?” முழுக் கடிதத்திலும் என்னை அதிகம் உலுக்கிய வரி அதுதான். திருமணத்தைத் தள்ளிப்போடும் விருப்பத்தில் ஒரு பங்கு இந்தப் பயத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். யாரோ சித்தப்பாவும் சித்தியும் தாரைவார்க்க, பெற்று வளர்த்த நீங்கள் பின்வரிசைக் கதிரையில் இருக்க நேருமோ என்ற பயம். இதில் நான் நடுநிலையாக இருக்க மாட்டேன். நீங்கள் நிற்க வேண்டும். கணவனை இழந்த தாய்மார் மணவறையில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுத்த கல்யாணங்களை இந்த நகரத்திலேயே கண்டிருக்கிறேன். கூறைச்சேலைத் தட்டம் உங்கள் கையால் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஐயரிடம் சொல்லிவிடுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரைக் கேளுங்கள்.

“எங்கட ஆள்” என்ற சொல்

லண்டன் மைத்துனர் சொல்லும் “எங்கட ஆக்கள்” எதைக் குறிக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அது மொழியையோ சமயத்தையோ மட்டும் குறிக்கவில்லை, சாதியையும் குறிக்கிறது. அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலோ சுன்னாகத்திலோ பிறந்திருந்தாலும் அடுத்த கேள்வி “எந்தப் பகுதி” என்றுதான் வந்திருக்கும். அண்ணன் என்ன நினைத்தார் என்பதற்குத் தம்பி சாட்சியில்லை. அண்ணனின் கடைசி ஆண்டில் அவர் லண்டனில் இருந்தார். சனிக்கிழமைகளில் காருக்குள் இருந்தவர் வேறொருவர்.

“கரீபியன்காரருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு” என்று கேட்டிருக்கிறீர்கள். 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 239,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்கள். ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அங்கே இன்றும் அவர்களை மதராசிகள் என்றே சொல்வார்கள். வீராசாமி, முனிசாமி போன்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மாரியம்மன், காளி வழிபாட்டில் தப்பும் உடுக்கும் முழங்குகின்றன. பொருள் மறந்த தமிழ்ப் பாட்டுகளையும் பாடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் பாட்டி “மாரியம்மா” என்று சொல்லி விளக்கு வைப்பார் என்று மகள் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நம்பலாம்.

ஆனால் அம்மா, இதற்காக அவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பூட்டனின் பூட்டன் தமிழனா என்று தோண்டிப் பார்த்து மருமகனுக்குச் சான்றிதழ் கொடுப்பது, மைத்துனரின் கேள்வியையே வேறு சொற்களில் கேட்பதாகும். அவர் பீகாரில் வேர் உள்ளவராகவோ இந்தியாவோடு தொடர்பே இல்லாதவராகவோ இருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியவை மாறா. உங்கள் மகளை எப்படி நடத்துகிறார், கோபத்தில் எப்படி இருக்கிறார், குடிக்கிறாரா, கடன் எவ்வளவு, பிள்ளைகள் பற்றி இருவரும் பேசியிருக்கிறார்களா. இவற்றைக் கேட்கத் தாய்க்கு முழு உரிமை உண்டு. எட்டு மாதமாக நீங்கள் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

“பேரப்பிள்ளை என்னோடு எந்த மொழியிலை கதைக்கும்” என்ற உங்கள் கவலை உண்மையானது, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வீட்டில் இரு பெற்றோரும் ஆங்கிலத்தில் கதைத்தால் தமிழ் தானாக ஒட்டாது. ஆனால் தமிழ்ப் பெற்றோர் இருவருக்கும் பிறந்து தமிழ் தெரியாத பிள்ளைகளை மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற பக்கத்து நகரங்களில் நீங்கள் நிறையக் கண்டிருப்பீர்கள். எந்த வீட்டில் ஒரு பெரியவர் நாள்தோறும் பிள்ளையைத் தூக்கி வைத்துத் தமிழில் கதைக்கிறாரோ அங்கே பிள்ளை தமிழ் கதைக்கிறது. அந்தப் பெரியவர் நீங்கள்தான். மகளோடு முறித்துக்கொண்டால் அந்த மொழியும் அவளுடைய வீட்டு வாசலில் நின்றுவிடும்.

வீடும் திறக்காத கடிதங்களும்

வீட்டை உடனே மகனின் பெயருக்கு மாற்றும் யோசனை ஆபத்தானது. கொள்ளி வைத்தவன் என்பதால் மகனுக்குக் கூடிய உரிமை என்று இந்த நாட்டுச் சட்டம் பார்ப்பதில்லை. வீடு உங்கள் இருவர் பெயரிலும் கூட்டுரிமையாக இருந்தால், கணவரின் பங்கு நேரடியாக உங்களுக்கே வந்துவிட்டது. அவர் பெயரில் மட்டும் இருந்து, உயிலும் இல்லையென்றால், 2021 மார்ச் 1 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு ஒன்ராறியோவில் முதல் 350,000 டொலர் மனைவிக்கு. மிகுதியில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. எது உங்கள் நிலை என்பதைக் காணிப் பதிவைப் பார்த்து ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். அவர் மைத்துனர் சிபாரிசு செய்பவராக இருக்க வேண்டாம்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால், அதன்பின் நீங்கள் மகனின் வீட்டில் இருப்பவர். மகனுக்கு நாளை திருமணமாகி, அந்த வீட்டிலேயே குடும்பம் நடத்தி, பின்னர் பிரிவு வந்தால், குடும்ப வீடு என்ற வகையில் அதன் பெறுமதி பங்கீட்டுக்குள் வரும். மாறாக, மகள் திருமணத்துக்குப் பின் உங்களிடமிருந்து பெறும் நன்கொடையோ முதுசமோ பொதுவாக அவளுக்கே உரியது; குடும்ப வீட்டுக்குள் போடாதவரை பிரிவின்போது கணக்கில் சேராது. வெளியாள் வந்து வீட்டைப் பிடிப்பான் என்ற பயத்துக்கு ஏற்ற மருந்து நல்லதோர் உயில். விரும்பினால் அவர்கள் இருவரும் திருமண ஒப்பந்தமும் செய்யலாம்.

உங்கள் கணவரின் மேசை லாச்சிக்குள் அரசாங்கக் கடித உறைகள் திறக்காமல் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்திர வேலை எல்லாம் அவர் பார்த்ததால் அவற்றைத் தொட மனம் வரவில்லை என்பது விளங்குகிறது. ஆனால் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் துணையை இழந்தவருக்கான ஓய்வூதியம் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். பின்தேதியிட்டு அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் தருவார்கள். எட்டு மாதம் போய்விட்டது. மரணக் கொடுப்பனவின் அடிப்படைத் தொகை 2,500 டொலர், அதற்கும் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால், 60 முதல் 64 வயதுள்ள, துணையை இழந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவும் உங்களுக்குக் கிடைக்கலாம்.

அஸ்தி பற்றிச் சுருக்கமாக: ஒன்ராறியோ ஏரியில் கரைப்பதற்குச் சட்டத் தடை இல்லை. கீரிமலைக்கே கொண்டுபோவதென்றால் மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க மாட்டார்கள், எக்ஸ்ரே கருவியால்தான் பார்ப்பார்கள் என்பதால் உலோகம் தவிர்த்து மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பெட்டியைப் பயன்படுத்துங்கள். இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தையும் விமான நிறுவனத்தையும் முன்பே கேளுங்கள். இந்தக் குளிருக்குள் முடிவெடுக்கத் தேவையில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்குப் போகலாமா என்று மகனையும் மகளையும் ஒன்றாக இருத்திக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் அடித்துவிட்ட வரி

எட்டாம் பக்கத்தில் “அவரோடையே நானும் போயிருக்கலாம்” என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் வாசிக்க முடிகிறது. துணையை இழந்த பலருக்கு இந்த நினைப்பு வந்து போவதுண்டு. வந்து போகாமல் தங்கினால், எப்படிச் சாவது என்று மனம் யோசிக்கத் தொடங்கினால், அன்றைக்கே குடும்ப வைத்தியரிடம் போங்கள், அல்லது தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கு உதவும் 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழையுங்கள். உடனடி ஆபத்தென்றால் 911. தமிழில் உதவி தேட 211 ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நித்திரையின்மையும் சாப்பாட்டில் வெறுப்பும் எட்டு மாதமாகத் தொடர்வதாக எழுதியிருப்பதால், ஆபத்தில்லை என்று நீங்கள் நினைத்தாலும் இம்மாதத்துக்குள் வைத்தியரைப் பார்க்கும்படி கேட்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினொரு மாதங்கள் என்றால் நாற்பதுக்கு மேற்பட்ட சனிக்கிழமைகள். இயந்திரத்தோடு இணைந்து நான்கு மணித்தியாலம் படுத்திருந்த உங்கள் கணவருக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறார். அவர் என்ன கதைத்தார், எதற்குச் சிரித்தார், ஊரைப் பற்றி என்ன சொன்னார், உங்களைப் பற்றி என்ன சொன்னார், உங்களிடம் சொல்வதை ஏன் தள்ளிப்போட்டார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உங்கள் கணவரின் வாழ்க்கையில் நீங்கள் காணாத ஒரு பகுதி அவரிடம் இருக்கிறது. “காணும்” என்ற சொல்லை அவர் யாரிடம் கற்றார் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. மிச்சத்தையும் கேளுங்கள்.

சம்மதம் சொல்வதற்காக அழைக்க வேண்டாம். “அவரைப் பற்றிக் கேக்க வேணும், வாங்கோ” என்று மட்டும் மகள் மூலம் சொல்லி அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை விடுப்பெடுங்கள். தொழிற்சாலையில் நீங்கள் கதைக்கும் ஆங்கிலம் இதற்குப் போதும். சொல் கிடைக்காத இடத்தில் மகள் உதவட்டும்; அப்படியாவது இருவரும் ஒரு மேசையில் இருப்பீர்கள். கத்தரிக்காய்ப் பொரித்த கறி பிடித்ததா என்பதையும் அவரிடமே கேட்கலாம். ஓய்வூதிய விண்ணப்பத்தை மட்டும் அந்தச் சனிக்கிழமைவரை வைத்திருக்காதீர்கள். மகனைக்கொண்டு லாச்சியைத் திறப்பித்து, இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.